பன்னிரண்டு அவுன்ஸ் கடதாசி

ஹியூபேட்டின் இடது தோள் செத்து மூன்று மாதம். கை காதுக்கு மேலே எழும்பாது. காலையில் சட்டை போடச் செலீன் வந்து அந்தக் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருசமாக அரிசி மூட்டை, சீனி மூட்டை, சண்டைக் காலத்தில் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கக்கூடாத பெட்டி எல்லாம் ஏறி இறங்கின தோள். இனி முடியாது என்று அது தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கங்காணி மட்டும் இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் கதை முடிந்தது. கொழும்புத் துறைமுகத்தில் ஒருவனை நிறுத்துவதற்குச் சண்டை சச்சரவு ஒன்றும் தேவையில்லை. காலையில் பெயர் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் சிங்கப்பூர். செலீனின் தம்பி பீற்றர் அங்கே துறைமுகத்தில் நிற்கிறான். அவன் எழுதியிருந்தான்: "அத்தான், பாரம் தூக்கிற வின்ச் மெசின் வேலை. குந்தியிருந்து வலது கையால ஒரு பிடியை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினால் சரி. மாதம் முடியமுன்னம் வந்திடுங்கோ. வராட்டி வேற ஆளைப் போட்டிடுவினம்."

செலீனின் சங்கிலியை விற்று இரண்டு டெக் டிக்கட் வாங்கியாயிற்று. கப்பல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. கொட்டாஞ்சேனை வாடகை அறையையும் விடுவதாகச் சொல்லியாயிற்று. அடுத்துக் குடிவரப் போகிறவர்கள் தங்கள் அம்மிக்கல்லைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே போக வர அதைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோட்டையில், கப்பல் கயிறு விற்கிற கடைக்கு மேல்மாடியில், புறப்படுவோர் கடதாசிப் பரிசோதனைக் கந்தோர் இருந்தது. அந்தக் கந்தோரின் துண்டு இல்லாமல் ஒருவரும் கப்பலேற முடியாது.

கந்தோர் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தது. கொன்வென்டில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த செலீன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இத்தீவை விட்டுப் புறப்படும் ஆள் யாவரும் தமது பணங்காசு சம்பந்தப்பட்ட கடதாசிகளுள் அவசியமானவற்றை வைத்திருத்தல் வேண்டும். அவசியமற்றவற்றை வைத்திருத்தல் கடதாசிச் சிக்கன விதியின் கீழ்க் குற்றமாகும். எவை அவசியமானவை, எவை அவசியமற்றவை என்பது பரிசோதனை வேளையில் அறிவிக்கப்படும். மொத்த நிறை பன்னிரண்டு அவுன்சுக்கு மேற்படலாகாது."

"திருப்பி வாசி" என்றான் ஹியூபேட்.

திருப்பி வாசித்தாள். அப்படியேதான் இருந்தது.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது மூட்டையை இறக்காமல் நின்றவன் ஹியூபேட். குண்டென்றால் சத்தம் கேட்கும். எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்து மற்றப் பக்கம் ஓடலாம். இந்த நோட்டீசில் எந்தப் பக்கம் ஓடுவது?  அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிட்டான்.

வீட்டில் இருந்த கடதாசி எல்லாம் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடந்தது. செலீன் பாயை விரித்து அதைக் கவிழ்த்தாள். அடகு வைத்து மூழ்கிப்போன தோட்டின் சீட்டு ஒன்று. சீட்டுப் பிடித்தவன் காசோடு ஓடிப்போனதால் பாதியில் நின்ற சீட்டு அட்டை ஒன்று. கூலியில் குறைத்துக் கொடுத்த இரண்டு கிழமையின் துண்டுகள். அரிசிக் கூப்பன் கொப்பி. கோயில் மரண சங்க அட்டை, செத்தால் அடக்கச் செலவுக்கு.

"இவ்வளவுதானா?" என்றான் ஹியூபேட். "கடைக்குக் கட்டினது, வாடகை கட்டினது, அந்தச் சேட்டுக்கு வட்டி கட்டினது, அதெல்லாம் எங்கே?"

"நீங்கள்தானே அடுப்பில போட்டனீங்கள்."

உண்மைதான். துறைமுகத்துச் சனத்துக்கு அது ஒரு பழக்கம். கடனைக் கட்டி முடித்தால் அன்றைக்கே அந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போடுவார்கள். அந்த நெருப்பிலேயே ஒரு தேத்தண்ணி வைத்துக் குடிப்பார்கள். அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடலாம். கட்டின கடனின் துண்டை வீட்டில் வைத்திருப்பது பிரேதத்தை அடக்காமல் வைத்திருக்கிற மாதிரி. ஆனால் ஊரார் தனக்குத் தரவேண்டியது இருந்தால் அந்தத் துண்டை ஒருவனும் எரிக்கமாட்டான். அது வந்துசேராது என்று தெரியும். தெரிந்தாலும் வைத்திருப்பான்.

"இந்த அடகுச் சீட்டு என்னத்துக்கு? தோடுதான் போச்சே."

"தோடு போச்சு. அதாலதானே சீட்டு வேணும்" என்றாள் செலீன். "எனக்கொரு தோடு இருந்தது என்டதுக்கு வேற என்ன சாட்சி?"

"அவசியமில்லாததை வச்சிருந்தாக் குற்றமாம்."

"அவசியமானதை எரிச்சாலுங் குற்றமாம். எரிக்கட்டா, வைக்கட்டா? நீங்களே சொல்லுங்கோ."

 ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுப்புப் பக்கம் நீட்டினார்கள், பிறகு இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பேணிக்குள் திரும்பப் போட்டு மூடினார்கள்.

திங்கட்கிழமை காலை கந்தோர்ப் படிக்கட்டில் வரிசை. பியோன் இராமர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டான். மேசைக்குப் பின்னால் பெரிய கிளாக்கர் ஒஸ்வால்ட். கழுத்துப்பட்டி, மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு தபால் தராசு.

ஹியூபேட்டுக்கு முன்னால் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரெயில்வே உத்தியோகத்தர் ஒருவர். நாற்பது வருசத்துப் பற்றுச்சீட்டு அத்தனையையும் ஒரு கைவண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒஸ்வால்ட் யன்னலால் எட்டி வண்டியைப் பார்த்தார். தராசைப் பார்த்தார்.

"கடதாசிப் பதுக்கல். பதினைந்து ரூபாய் குற்றம். அடுத்த ஆள்."

அடுத்தது தெஹிவளையிலிருந்து வந்த ஒரு பெண். நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவள் தன் கைப்பையில் இருந்ததை எல்லாம் படிக்கட்டிலேயே சுக்குநூறாகக் கிழித்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

"சாட்சியம் அழித்தல். பதினைந்து ரூபாய் குற்றம். பார்த்தீரா இராமர், இந்தக் கந்தோரில் ஓரவஞ்சனை இல்லை."

"இல்லைங்க ஐயா" என்றான் இராமர்.

அடுத்தது ஹியூபேட். பேணியை மேசையில் வைத்தபோது அது தராசில் முட்டிச் சத்தம் போட்டது. அதற்கும் குற்றம் எழுதிவிடுவார்களோ என்று பயந்து இரண்டு கையாலும் தராசைப் பிடித்தான். இடது கை பாதிவழியில் நின்றுவிட்டது.

ஒஸ்வால்ட் கடதாசிகளை ஒன்றொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீர் என்ன தொழில்?"

"மூட்டை தூக்கிறது, சேர்."

"அப்படியா? இந்தக் கடதாசிகளின்படி நீர் ஒரு முதலாளி. சீட்டுப் பிடித்தவன் உமக்குத் தரவேணும். கம்பனி உமக்குத் தரவேணும். அடகுக் கடையில் உமது ஆபரணம். ஊரெல்லாம் உமக்குக் கடன். உம்மைப் போன்ற ஒருவர் வெளியேறினால் தீவின் செல்வமல்லவா வெளியேறுகிறது?"

ஹியூபேட் செலீனைப் பார்த்தான். செலீன் தன் வெறுங்காதைத் தடவினாள்.

"அது கிடக்கட்டும். நீர் ஒருவருக்காவது ஒரு சதம் கொடுத்ததற்கு இதில் ஒரு துண்டாவது இருக்கிறதா? இருபத்திரண்டு வருசம் நீர் சாப்பிடவில்லையா? தலைமயிர் வெட்டவில்லையா?"

"எல்லாங் கட்டினது, சேர். கட்டினதை எரிக்கிறது எங்கட பழக்கம்."

"ஆ. எரித்தீர்." ஒஸ்வால்ட் அதை எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, பிரசங்கம் வைக்கிறவரைப் போலக் கையை விரித்தார். "ஹியூபேட், இந்தக் கந்தோர் திறந்து பதினொரு மாதம். இந்தப் பதினொரு மாதத்தில் நாங்கள் ஒரு பிழையான ஆளையும் வெளியே அனுப்பவில்லை. லண்டனிலுள்ள கந்தோர்கள்கூட இப்படிச் சொல்ல முடியாது."

ஹியூபேட் பயத்தில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "சரியான ஆள் எத்தினை பேர் போனது, சேர்?" என்று கேட்டுவிட்டான்.

"அது வேறு பதிவேடு. அதை இன்னும் துவங்கவில்லை" என்றார் ஒஸ்வால்ட், கோபப்படாமல். "நீர் செய்ய வேண்டியது இதுதான். யார் யாருக்கெல்லாம் நீர் கடன் இல்லையோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் 'கடன் இல்லை' என்று கடிதம் வாங்கி வாரும்."

"கடன் இல்லாத ஆக்களிட்டையா? அது ஊரில எல்லாரும்தானே, சேர்."

"கொட்டாஞ்சேனை மட்டும் போதும். நாங்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. பத்தொன்பது கடிதம் கொண்டுவாரும். கடிதம் ஒன்றுக்கு ஐம்பது சதம் பதிவுக் கட்டணம், ஆறு சத முத்திரை. பரிசோதனைக் கட்டணம் இரண்டரை ரூபாய். எல்லாம் பதின்மூன்று ரூபாய் பதினாலு சதம். கையில் காசு எவ்வளவு?"

ஹியூபேட் மடியிலிருந்து அறுபது ரூபாயை எடுத்து வைத்தான். சிங்கப்பூரில் போய் இறங்கின முதல் மாதத்துக்கு அதுதான். ஒஸ்வால்ட் அதை எண்ணி ஒரு உறைக்குள் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தி அவனிடமே நீட்டினார்.

"வெளியேறும் காசு. கப்பல் மூன்று மைல் தாண்டும்வரை உடைக்கக்கூடாது. உடைத்தால் மறியலுக்குள் போடுவார்கள்."

"சேர், அப்ப அந்தப் பதின்மூன்று ரூபாயை இதிலயிருந்தே எடுங்கோவன்."

"சீல் வைத்தாயிற்றே" என்றார் ஒஸ்வால்ட், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஹியூபேட் கொட்டாஞ்சேனையில் ஏறி இறங்கினான். திங்களோடு மூன்று நாள் வேலைக்குப் போகாததால் கங்காணி பெயரை வெட்டிவிட்டான் என்று செய்தி வந்தது. இனித் திரும்பிப் போக இடமில்லை. கப்பல், இல்லாவிட்டால் தெரு.

முதலில் தாஸிம் நானாவின் பலசரக்குக் கடை.

"எனத்த? நீ எனக்குக் கடன் இல்லண்டு நான் எழுதித் தரணுமா?" தாஸிம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கடன் ஈந்தா எழுதி வாங்குவாங்க. இல்லாததுக்கு எழுதி வாங்குற ஆள இப்பதான் காணுறன். ஹியூபேட், நல்லா யோசிச்சுச் சொல்லு, எதாச்சும் களவெடுத்தியா?"

"கர்த்தர் அறிய இல்லை, நானா."

தாஸிம் பழைய கொப்பி நாலைப் புரட்டி, மூன்று தரம் பார்த்து, பிறகுதான் எழுதினார்.

அப்பம் சுடுகிற யோசெப்பின் பயந்தே போனாள். "இல்லாத கடனுக்குத் துண்டு கேக்கிறாய் என்டா, ஏதோ இருக்குது, எனக்குத்தான் மறந்துபோச்சு" என்று சொல்லிச் சுவரில் கரியால் கோடு கோடாகப் போட்டிருந்த கணக்கை விரல் வைத்து எண்ணினாள். ஹியூபேட்டின் கோடு ஒன்றும் இல்லை. "இல்லாததுதான் எனக்குப் பயமாயிருக்குது" என்றாள். பெருவிரலை மையில் தோய்த்து அமுக்கிவிட்டு, தான் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்று அழுதாள்.

கோயில் சுவாமி நல்ல மனிதர். "இவன் எனக்குக் கடன் இல்லை. ஆண்டவருக்கு எவ்வளவு என்பதை நான் அறியேன்" என்று எழுதிவிட்டார். இரண்டாவது வசனத்தை வெட்டித் தரும்படி ஹியூபேட் காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

புதன் பின்னேரம் பத்தொன்பது கடிதமும் சேர்ந்தன. காசுதான் இல்லை. திரும்பத் தாஸிமிடம் போனான்.

"பதின்மூணு ரூவாயா? தரலாந்தான்" என்று தாஸிம் தாடியைத் தடவினார். "ஆனா நேத்து நான்தானே நீ கடனில்லண்டு எழுதித் தந்த? இப்ப தந்தா நான் எழுதினது பொய்யாப் பெய்த்திடுமே. கவுண்மென்டுக்குப் பொய் எழுத ஏலுமா, மகன்?"

கடன் கேட்கக்கூடிய பத்தொன்பது பேரும் கடிதம் எழுதிய பத்தொன்பது பேர்தான். வீட்டுக்காரன், பார்பர், சுவாமி, எல்லாரும் அதையே சொன்னார்கள். கையெழுத்து வைத்தபிறகு கொட்டாஞ்சேனை முழுக்கச் சத்தியவான்களாகிவிட்டது.

மிஞ்சினது பழனியம்மா. துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமக்கிற பொம்பிளை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் முப்பது சதம். எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது, கொட்டாஞ்சேனையில் வீடும் இல்லை. கரிக்கொட்டகையில்தான் படுக்கை. அதனால் அவளிடம் ஒருவரும் கடிதம் கேட்கவில்லை.

"எவ்ளோண்ணே?" என்றாள்.

"பதின்மூன்று. பதினாலு சதம் என்னட்டை இருக்குது. மிச்சக் காசை உறையில போட்டுச் சீல் வச்சிட்டினம்."

பழனியம்மா கூடையைக் கவிழ்த்து வைத்து அதில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசெல்லாம் கரி. "பத்து நாள் கூலிண்ணே இது. எழுதித் தாங்கன்னா நீங்க என்னாத்த எழுதுவீக? நா என்னாத்தப் படிப்பேன்? வெள்ளிக்கெளம கப்பல் ஏறுமுந்தி குடுத்துருங்க. அந்தச் சீலு காசு ஒங்க கையிலதான இருக்கும்?"

"குடுப்பன். கட்டாயம் குடுப்பன்."

அப்போது அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

வியாழன் முழுக்க வரிசையிலேயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒஸ்வால்டின் முகம் வேறாக இருந்தது. கழுத்துப்பட்டி கோணியிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு இராமர் ஓடிவந்து ஹியூபேட்டைக் கூப்பிட்டான்.

"சீக்கிரம் வாங்கண்ணே. மூணு மணிக்குப் பெரிய தொர வர்றாரு. பதினோரு மாசத்துல எத்தன பேர அனுப்புனீங்கன்னு கேட்டு எழுதியிருக்காரு. ஒருத்தருமில்லன்னா கந்தோர மூடிருவாங்களாம்."

ஒஸ்வால்ட் காசை எண்ணாமலே மேசை லாச்சிக்குள் தள்ளினார். கடிதங்களையும் பேணியிலிருந்த கடதாசிகளையும் தராசில் வைத்தார். முள் பதினாலுக்குப் போய் நின்றது.

"இரண்டு அவுன்ஸ் கூட. எதையாவது எடும். கெதியா எடும்!"

எதை எடுப்பது? கடிதத்தில் கைவைத்தால் பத்தொன்பது குறையும். ஹியூபேட் கூப்பன் கொப்பியைத் தொட்டான். ஒஸ்வால்ட் "அது அரசாங்கச் சொத்து!" என்று கத்தினார். கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. கடைசியில் செலீன் மரண சங்க அட்டையையும் சீட்டு அட்டையையும் உருவினாள்.

"மரண சங்கம்? வழியில செத்தால்?" என்றான் ஹியூபேட் மெல்ல.

"கப்பல்ல செத்தாக் கடல்ல போடுவினம். அதுக்குச் சங்கம் தேவையில்லை."

முள் பன்னிரண்டரையில் நின்றது. ஒஸ்வால்ட் தராசுத் தட்டின் அடியில் சுண்டுவிரலைக் கொடுத்து அதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். "சரியாக இருக்கிறது" என்று எழுதினார். பிறகு ஒரு சத்தியக் கடதாசியைத் தள்ளினார். "நான் இத்தீவில் எந்த ஆளுக்கும் எந்தக் கடனும் படவில்லை. கீழே கையெழுத்து."

ஹியூபேட் பேனையை எடுத்தான். கை எழும்பவில்லை. அது வலது கை, நல்ல கை.

"சேர். ஒரு கடன் இருக்குது."

 இராமர் கதவைச் சாத்தினான்.

"பழனியம்மா என்டு ஒரு ஆள். பதின்மூன்று ரூபாய். முந்தநாள்தான் வாங்கினது. இஞ்ச கட்டத்தான் வாங்கினது, சேர். இந்த உறையை உடைச்சுத் தந்தீங்களென்டால் ஓடிப்போய்க் குடுத்திட்டு வாறன்."

"துண்டு இருக்கிறதா?"

"இல்லை, சேர்."

"துண்டில்லை. அப்படியென்றால் கடன் எங்கே இருக்கிறது?" ஒஸ்வால்டின் நெற்றியில் வியர்வை. "கேளும், ஹியூபேட். இந்தக் கந்தோரில் கடதாசியில் இருப்பதுதான் இருக்கிறது. இல்லாதது இல்லை. நீர் இருக்கிறதென்று சொன்னால் அதற்குக் கடதாசி வேணும். கடதாசி வந்தால் உமக்குக் கடன் இருக்கிறதென்று ஆகும். கடன் உள்ளவன் போக முடியாது. உம்மை நிறுத்தினால் பதினொரு மாதத்தில் ஒருவரும் போகவில்லை. ஒருவரும் போகவில்லையென்றால் என் கதி என்ன? எனக்கு மூன்று குமர்ப் பிள்ளைகள். உமது ஃபைல் சுத்தமாக இருக்கிறது. ஒரு கரிக்காரியின் பெயரால் அதை ஊத்தையாக்கப் போகிறீரா? கையெழுத்து வையும். அல்லது வரிசையில் கடைசிக்குப் போம்."

வரிசையின் கடைசி கீழே தெருவில் இருந்தது. ஹியூபேட் செலீனைப் பார்த்தான். செலீன் நிலத்தைப் பார்த்தாள். வாசலில் கிடந்த அம்மி, வெட்டப்பட்ட பெயர், பீற்றரின் கடிதம், தோள். 

கையெழுத்து வைத்தான்.

"சபாஷ்" என்றார் ஒஸ்வால்ட். "முதல் ஆள்!" என்று சொல்லிப் புதுப் பதிவேடு ஒன்றைத் திறந்தார். "இராமர், கப்பல் படிவரைக்கும் இவரோடு போம். உறை உடையாமல் ஏறுகிறாரா என்று பார்த்து வாரும்."

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஹியூபேட் இராமரிடம் கெஞ்சினான். "தம்பி, ஒரு நிமிசம் கண்ணை மூடு. உடைச்சுக் குடுத்திட்டு வாறன்."

"எனக்கும் வேல போயிருமேண்ணே. சிங்கப்பூர்ல போயி மணியோடர் போடுங்க." இராமர் கொஞ்சத் தூரம் நடந்து, பிறகு சொன்னான்: "ஆனா கடன் தீக்கப் பணம் அனுப்புறதுன்னா இந்தக் கந்தோர்ல பதியணும். கடன் இருக்குன்னு துண்டு வேணும்."

"நான் இல்லையென்டு இப்பதானே கையெழுத்து வச்சனான்."

"அதான்" என்றான் இராமர்.

படகில் போகும்போது கரி ஏற்றுகிற ஒரு பாதைப் படகைத் தாண்டினார்கள். முப்பது நாற்பது பொம்பிளைகள் கூடையோடு பலகையில் ஏறி இறங்கினார்கள். தலை, முகம், சீலை எல்லாம் ஒரே கரி. ஹியூபேட் எழுந்து நின்று உறையை வலது கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு முகத்துக்கும் மற்ற முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். அவளாக இருக்கலாம். இராமர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

நாலு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. மூன்று மைல் தாண்டினதும் மற்றவர்கள் கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்க, செலீன் உறையை வாங்கி அரக்கை உடைத்தாள். அறுபது ரூபாயும் இருந்தது. அவள் அதிலிருந்து பதின்மூன்றை எண்ணித் தனியாக எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கொட்டாஞ்சேனை ஹியூபேட், கரி சுமக்கிற பழனியம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது பதின்மூன்று ரூபாய்.